திஹுவா தெருவில் மருந்து நிறுப்பவர்கள்

தைபே நகரத்தின் திஹுவா தெருவைப் பற்றி எழுதுபவர்கள், செத்துப் பிழைத்த சீன மருந்துத் தெரு என்று சொல்வதுண்டு. என் கணக்கில் பிழைத்தது பாதிதான். மீதிப் பாதிக்கு இன்னும் வைத்தியம் நடக்கவில்லை. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பின்னால் போய்விட்டுத்தான் வர வேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகவே பேசுவோம்.

தைவான் தீவின் வடக்கே தம்சுய் ஆற்றங்கரையில் பாங்கா என்ற பழைய துறை இருந்தது. சீனப் பெருநிலத்தின் ஃபூஜியென் மாகாணத்திலிருந்து கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள் அங்கே வியாபாரம் செய்தார்கள். அவர்களுக்குள்ளும் ஊர்வாரியாகப் பிரிவுகள் உண்டு; படகுத் துறை யார் கையில் என்பதில் ஓயாத பகை. 1853-ல் அது பெரிய கலவரமாக வெடித்தது. தோற்றவர்கள் தோங்ஆன் ஊர்க்காரர்கள். வீடுகளைத் தீக்குக் கொடுத்துவிட்டு, தங்கள் ஊர்க்காவல் தெய்வத்தின் சிலையைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரமாக வடக்கே நகர்ந்தார்கள். போய்ச் சேர்ந்த இடம் தாதாவ்செங். குடியானவர்கள் நெல் காயவைக்கும் பெரிய களமாக அதுவரை இருந்த வெளி அது. இரண்டு வருடம் முன்பே, 1851-ல், லின் லான்தியென் என்ற வியாபாரி அங்கே கடை போட்டிருந்தார். அவர் கடையை ஒட்டி இவர்களும் கடை கட்டினார்கள். தூக்கி வந்த சாமிக்கு 1859-ல் கோயில் எழும்பி முடிந்தது. அந்தச் சின்னக் கோயில் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறது.

ஆக, தோற்று ஓடி வந்தவர்கள் போட்ட கடைத்தெரு இது. அதிர்ஷ்டமும் அவர்கள் பக்கம் திரும்பியது. பாங்காவின் துறையில் வண்டல் சேர்ந்து ஆழம் குறைந்தது. படகுகள் தாதாவ்செங்குக்கு வந்தன. 1860-களில் தம்சுய் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் வியாபாரி 1869-ல் தைவான் ஊலாங் தேயிலையை இரண்டு கப்பல்களில் நியூயார்க்குக்கு அனுப்பினார். தேயிலைப் பணம் தெருவுக்குள் பாய்ந்தது. அந்தப் பணத்தின் நிழலில் வளர்ந்ததுதான் மருந்து வியாபாரம்.

மருந்துக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சீன வைத்தியத்தில் அதிகம் புழங்கும் மூலிகைகள் பலவும் தைவான் மண்ணில் விளைவதில்லை. தாங் குவெய் வேர் கான்சு மாகாணத்துக் குளிர் மலைகளில் நன்றாக வரும். கோஜிப் பழத்துக்கு நிங்சியா பெயர்போனது. ஜின்செங் வடகிழக்குச் சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வர வேண்டும். எந்த வேர் எந்த மண்ணில் விளைந்தால் குணம் நிற்கும் என்பது அந்த வைத்தியத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அதனால் தைவானில் மூலிகை வியாபாரம் என்றாலே இறக்குமதி வியாபாரம்தான். கப்பலில் மூட்டை வரும். திஹுவாவின் மொத்த வியாபாரிகள் பிரிப்பார்கள், தரம் பார்ப்பார்கள், தீவு முழுக்க உள்ள சில்லறைக் கடைகளுக்கு அனுப்புவார்கள். இன்றைக்கும் சரக்கின் பெரும்பகுதி சீனப் பெருநிலத்திலிருந்துதான் வருகிறது. நம் பக்கத்துச் சரக்கும் அந்தக் கடைகளில் உண்டு. கடுக்காய், திப்பிலி, சாதிக்காய் மூன்றுக்கும் சீன மருந்து நூல்களில் பல நூற்றாண்டுகளாக இடம் இருக்கிறது.

கடையின் அமைப்பைச் சொல்கிறேன். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக ஆழம். முன்கட்டில் வியாபாரம், நடுக்கட்டில் சரக்கு, பின்கட்டில் குடும்பம். கட்டுகளுக்கு நடுவே வெளிச்சத்துக்கு முற்றம். கடை வாசலை ஒட்டி, மாடியின் கீழே, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க ஒரு நடை. சிங்கப்பூர், பினாங்குத் தமிழர்கள் அஞ்சடி என்று சொல்வார்களே, அதே அமைப்பு. முன்கட்டின் கூரையில், அதாவது மேல்மாடித் தளத்தில், சதுரமாக ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். மூட்டையைக் கயிறு கட்டி அதன் வழியாக மேலே இழுத்து அடுக்குவதற்கு. ஈரம் ஏறாமல் மூலிகையைக் காப்பாற்ற மாடிதான் வசதி.

முன்கட்டில் சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூன்று தடுப்பு. எதை எங்கே வைப்பது என்பதற்கு ஒழுங்கு உண்டு. பூ, இலை போன்ற லேசான சரக்கு மேல் வரிசையில். கனிமமும் ஓடும் கீழே. அடிக்கடி ஒரே கஷாயத்தில் சேரும் மூலிகைகள் பக்கத்துப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில். ஒன்றோடொன்று சேரவே கூடாது என்று மரபு சொல்பவை தள்ளித் தள்ளி. அப்படிச் சேரக்கூடாத பதினெட்டின் பட்டியலை மாணவர்கள் பாட்டாகவே மனப்பாடம் செய்வார்கள். அதிமதுரம் அதில் வருகிறது, நாபி என்ற நச்சு வேரும் வருகிறது. நச்சுச் சரக்கு தனியே பூட்டில். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அந்தச் சுவரைக் கற்று முடிக்கவே வருடங்கள் ஆகும்.

நிறுப்பதற்குக் கையில் தூக்கிப் பிடிக்கும் சிறிய கோல் தராசு. தைவானின் பழைய அளவில் ஒரு ஜின் என்பது 600 கிராம். அதில் பதினாறு லியாங். லியாங்கில் பத்தில் ஒரு பங்கு ச்சியென், அதாவது 3.75 கிராம். மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து நிறுத்து, விரித்த காகிதத்தில் குவியல் குவியலாகப் பிரித்து வைப்பார்கள். மொத்தமாகக் கலந்து கொட்டமாட்டார்கள். பொட்டலம் மடிப்பதற்கு முன் இன்னொருவர் வந்து சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கலந்துவிட்டால் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறுப்பதற்கு முன்னால் பக்குவம் என்று ஒன்று இருக்கிறது. கடைக்காரரின் உண்மையான வித்தை அதில்தான் என்று நான் நினைக்கிறேன். தி ஹுவாங் என்ற கிழங்கைப் பச்சையாகக் கொடுத்தால் உடல் சூட்டைத் தணிக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதையே அரிசி மதுவில் ஊறவைத்து ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை வெயிலில் காயவைத்தால், கன்னங்கரேல் என்று பளபளத்து, இனிப்பேறி, இரத்தம் பெருக்கும் மருந்தாகிவிடும். மரபின் பார்வையில் அது வேறு சரக்கு, இழுப்பறையும் வேறு. அதிமதுரத்தைத் தேனில் வறுப்பது இன்னொரு பக்குவம். நாபி இன்னும் கடினம்: ஊறவைத்து, வேகவைத்து நஞ்சை முறிக்காமல் கொடுத்தால் இதயத்தை நிறுத்திவிடும். சித்த மருத்துவத்தில் சரக்குச் சுத்தி என்று நாம் சொல்வதும் இந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான். இரண்டு நாட்டிலும் நாபியைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள்.

இனி 1895-க்கு வருவோம். தைவான் ஜப்பானின் கைக்குப் போனது. ஜப்பான் தன் நாட்டிலேயே மேற்கத்திய மருத்துவத்தை அரசு மருத்துவமாக ஏற்றிருந்தது. தைவானிலும் அதையே செய்ய நினைத்தார்கள். ஆனால் மேற்கத்திய மருத்துவர்கள் போதாது. அதனால் 1901-ல் ஒரு ஏற்பாடு: அப்போது தொழிலில் இருந்த சீன வைத்தியர்களுக்கு ஒரே ஒரு முறை பரீட்சையும் பதிவும், அதோடு சரி. புதிதாக யாருக்கும் உரிமம் கிடையாது. பதிவானவர்கள் சுமார் 1,900 பேர். தடை என்று எவரையும் துரத்தவில்லை, சிறையில் போடவில்லை. முதுமையும் சாவும் வேலையை முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆட்சி முடியும் தறுவாயில் அந்த வைத்தியர்களில் நூறு பேர்கூட மிஞ்சவில்லை.

ஆனால் மருந்து விற்பதற்கு இப்படி அடியோடு முடிவு கட்டவில்லை. விதிகளுக்கு உட்பட்டுக் கடைகள் தொடர்ந்தன. விளைவு என்ன? நாடி பார்த்து எழுதிக் கொடுக்கும் ஆள் அருகிப்போக, ஊர் ஜனம் நேராகக் கடைக்காரரிடமே வந்து நின்றது. இருமல், வயிற்றுப்போக்கு, பிள்ளை பெற்ற உடம்புக்குப் பத்தியம் என்று எல்லாமே அவரிடம். இன்னொரு வழியும் இருந்தது, கோயில் சீட்டு. தாதாவ்செங்குக்கு வடக்கே தாலோங்தோங்கில் பாவோஆன் கோயில் இருக்கிறது. அதையும் கட்டியவர்கள் தோங்ஆன் ஊர்க்காரர்கள்தான். அங்குள்ள தெய்வம் பாவோஷெங் வைத்திய தெய்வம். அப்படிப்பட்ட கோயில்களில் மூங்கில் குச்சி குலுக்கி எடுத்தால் எண் வரும். அந்த எண்ணுக்குரிய சீட்டில் மூலிகைப் பெயரும் அளவும் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் நிறுத்துத் தருவார்கள். அந்தக் காலத்துச் சீட்டுகளில் பல, கெடுதல் செய்யாத எளிய சரக்குகளாகவே இருக்கும். சீட்டில் இருப்பது இந்த உடம்புக்கு ஆகுமா என்று யோசிக்கும் கடைசிப் பொறுப்பு, நிறுத்துக் கொடுப்பவர் தலையில் விழுந்தது. அறிவு வைத்தியர் கையிலிருந்து தராசு பிடிப்பவர் கைக்கு இடம் மாறிய காலம் அது. நாற்பது ஐம்பது வருடம் சீன மருந்தை அந்தத் தீவில் உயிரோடு வைத்திருந்ததில் பெரும்பங்கு இந்தக் கடைக்காரர்களுக்குத்தான்.

தெரு இன்று காட்டும் முகமும் ஜப்பானியர் காலத்தில் வந்ததே. தெருவை நேராக்கி எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்துக்கு விரித்தபோது கடைக்காரர்கள் முகப்பை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஐரோப்பிய பரோக் பாணியில் வளைவும் தூணும் சுதை வேலையும். மருந்துக் கடை ஒன்றின் நெற்றியில் ஜின்செங் செடியைச் சுதையில் பதித்திருக்கிறார்கள். உள்ளே அதே பழைய கட்டுகள், அதே முற்றம். திஹுவா என்ற பெயர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. சிஞ்சியாங்கின் உரும்ச்சி நகரத்துக்கு அப்போது அதுதான் பெயர். தைபே தெருக்களுக்குச் சீன ஊர்களின் பெயர்களை வைத்த காலம் அது.

போருக்குப் பின் நகரம் கிழக்கே வளர்ந்தது. பழைய தெருவில் லாரி நுழைய முடியவில்லை, கார் நிறுத்த இடமில்லை. 1977-ல் நகராட்சி திட்டம் போட்டது: திஹுவாவை இருபது மீட்டர் அகலத்துக்கு விரிப்பது. விரித்தால் இரு பக்கமும் முகப்புகள் போய்விடும். கட்டட உரிமையாளர்களில் பலர் அதை எதிர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அகலமான சாலை, உயரமான கட்டடம், நிலத்துக்கு நல்ல விலை. அவர்கள் ஆசையில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூறு வருட ஓட்டு வீட்டில் ஒழுகும் மழையோடு வாழ்பவர் அவர். பாரம்பரியம் என்று ரசிப்பவர் வெளியூர்க்காரர்.

1988-ல் லெஷான் கலாசாரக் கல்வி அறக்கட்டளை ‘நான் திஹுவா தெருவை நேசிக்கிறேன்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கட்டடக் கலைஞர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தார்கள். அகலப்படுத்தும் வேலை நின்றது. ஆனால் நிறுத்தினால் மட்டும் போதுமா? உரிமையாளருக்கு நஷ்டம் நஷ்டம்தானே? இந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம்.

மனைக்கு இத்தனை சதுர மீட்டர் வரை தளம் எழுப்பலாம் என்று ஒவ்வொரு நகரத்திலும் உச்சவரம்பு உண்டு. திஹுவாவில் ஒரு மனைக்கு ஐந்து மாடி அளவு உரிமை இருக்கிறது, ஆனால் நிற்பது இரண்டு மாடிப் பழைய வீடு என்று வையுங்கள். மீதி மூன்று மாடிக்கான உரிமை காகிதத்தில் சும்மா கிடக்கிறது. வீட்டை இடிக்காமல் பழுதுபார்த்துப் பாதுகாத்தால், அந்த மூன்று மாடி உரிமையை நகரத்தின் வேறு பகுதியில் கட்டடம் எழுப்புகிற நிறுவனத்துக்கு விற்றுக்கொள்ளலாம். வாங்கியவர் அங்கே உயர்த்திக் கட்டுவார். விற்றவர் அந்தப் பணத்தில் ஓட்டை மாற்றி, சுதையைத் திருத்தி, வீட்டைக் காப்பாற்றுவார். 2000-ல் தாதாவ்செங் வரலாற்றுச் சிறப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோது, எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்புக்குரியவை என்று குறிக்கப்பட்டன. பாதுகாப்பு என்றால் நஷ்டம் என்றிருந்த கணக்கை இந்த ஏற்பாடு புரட்டிப் போட்டது. பாதுகாப்பை எதிர்த்த உரிமையாளர்களே பிறகு இதற்குள் வந்தார்கள்.

மீதியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1996 முதல் சீனப் புத்தாண்டுக்கு முன்பு நகராட்சியின் ஆதரவில் பெரிய சந்தை நடக்கிறது. கூட்டம் தோளோடு தோள் உரசும். 2010 வாக்கில் பழைய வீடுகள் சிலவற்றை நகராட்சி எடுத்துக் கலை, வடிவமைப்பு நிலையங்களாக்கியது. 1917-ல் எழுந்து பின்னாளில் தீயில் சிதைந்த ஒரு மேற்கத்திய மருந்துக் கடைக் கட்டடம், சீரமைக்கப்பட்டுப் புத்தகமும் பீங்கானும் தேநீரும் விற்கும் இடமாயிற்று. இளைஞர்கள் வந்தார்கள், காப்பிக் கடைகள் வந்தன. மருந்துக் கடைகளின் வாரிசுகளும் மூலிகைத் தேநீர்ப் பைகள், சூப்புக்கான பொட்டலங்கள் என்று புதிதாக யோசித்தார்கள். இதெல்லாம் நல்லதற்குத்தான்.

பிழைத்த பாதி இதுதான். மற்றப் பாதி, தராசு பிடிப்பவர்.

போருக்குப் பிறகு தைவானில் சீன வைத்தியருக்கு மறுபடி உரிமமும் கல்லூரியும் வந்தன. தைச்சுங்கில் 1958-ல் தொடங்கிய சீன மருத்துவக் கல்லூரி இன்று பெரிய பல்கலைக்கழகம். 1995-ல் தேசிய மருத்துவக் காப்பீடு வந்தபோது சீன வைத்தியமும் அதற்குள் இருந்தது. ஆனால் காப்பீட்டில் நோயாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆலையில் செறிவூட்டித் துகளாக்கிய மருந்து. கஷாயம் காய்ச்ச வேண்டியதில்லை, கசப்பும் குறைவு, காசும் அதிகமில்லை. வைத்தியரிடம் போனவர் அங்கேயே துகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சீட்டோடு கடைக்கு வருவது குறைந்தது.

கடை உரிமத்தின் கதை இன்னும் வலிப்பது. தைவானின் மருந்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, 1993 பிப்ரவரி 5-க்கு முன்பே இந்தத் தொழிலில் இருந்ததாகப் பதிவானவர்கள் மட்டும் தொடரலாம் என்று வகுத்தார்கள். 1998-க்குப் பிறகு அந்த வழியில் புதிய உரிமம் இல்லை. அப்பாவிடம் முப்பது வருடம் கற்ற மகன் அப்பாவின் இடத்தில் நின்று மருந்து நிறுக்க, அந்தக் கல்வி சட்டத்தின் கண்ணில் தகுதியாகாது. மேற்பார்வைக்குச் சீன வைத்தியரோ உரிய படிப்பு முடித்த மருந்தாளுநரோ வேண்டும். அவர்கள் ஏன் ஒரு சின்னக் கடைக்குள் வந்து உட்காரப்போகிறார்கள்? கிழவர் போனால் கடையும் போகிறது. 1901-ல் வைத்தியருக்குச் செய்ததையே, ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, கடைக்காரருக்குச் செய்திருக்கிறார்கள்.

அரசின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்காமல் பேசுவது சரியில்லை. மூலிகை கொல்லவும் செய்யும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஓர் உடல் மெலிவு நிலையத்தில் சீன மூலிகை மாத்திரை எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. ஃபாங்ஜி என்ற பெயரில் முடியும் இரண்டு வேர்கள் இருக்கின்றன. வேண்டியதற்குப் பதில் மற்றது உள்ளே போயிருந்தது. அந்த மற்றதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. சிறுநீரகத்தை அழிப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கொண்டுவரும் நஞ்சு அது. தைவானில் அந்த வகைப் புற்றுநோய் அதிகம் என்பதற்கும் இந்த மூலிகைகளுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டின. 2003-ல் அவற்றைத் தைவான் தடை செய்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே குடும்பம், அதே அமிலம். அதனால் இதை வேற்றூர்ச் செய்தி என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஆனால் பிரஸ்ஸல்ஸில் தவறியது எது என்று யோசியுங்கள். இரண்டு வேரையும் கையில் எடுத்து, ஒடித்து, முகர்ந்து, இது அதுவல்ல என்று சொல்ல வேண்டிய கண் அந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை. நல்ல கடைக்காரரிடம் அந்தக் கண் இருக்கிறது. தாங் குவெய் வெட்டுமுகம் அளவுக்கு மீறி வெள்ளையாக இருந்தால் கந்தகப் புகை போட்டிருக்கிறார்கள் என்பார். கோஜி கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் ஒதுக்குவார். இது ஆய்வகத்துக்கு மாற்று என்று நான் சொல்லவரவில்லை. அரிஸ்டோலோகிக் அமிலத்தின் நஞ்சைக் கண்டுபிடித்தது ஆய்வகம்தான். கடைக்காரர்களும் அந்த மூலிகைகளைத் தலைமுறை தலைமுறையாக நிறுத்துக் கொடுத்தவர்களே. ஆகவே பழைய பயிற்சியே போதும் என்று விட்டுவிடவும் முடியாது. வேண்டியது இரண்டும் சேர்ந்த பரீட்சை: மூலிகை அடையாளம், பக்குவம், நச்சியல், ஆங்கில மருந்தோடு மோதும் சரக்குகள். கடையில் இத்தனை வருடம் கற்றவர் அதை எழுதித் தேறினால் உரிமம். பழைய வீட்டைக் காப்பாற்ற அத்தனை புத்தியோடு வழி கண்டுபிடித்த ஊருக்கு இது எட்டாத காரியமில்லை. வாரிசுகளின் சங்கங்கள் பல வருடமாகக் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். மருந்தாளுநர்கள் எதிர்க்கிறார்கள்; அவர்கள் கவலையை அந்தப் பரீட்சையின் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்துத் தீர்க்கலாம் என்பது என் எண்ணம்.

எப்போதாவது அங்கே போக வாய்த்தால் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களைத் தவிருங்கள். வாரநாளில், காலை பத்து மணிக்கு மேல் போனால் கடைக்காரருக்குப் பேச நேரமிருக்கும். சமையலுக்கான பொட்டலங்களிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. தாமரை விதை, முள் அல்லி விதை, ஒரு வகை வள்ளிக்கிழங்கு, ஃபூலிங் என்ற காளான் நான்கும் சேர்ந்த சிஷென் சூப்பு வயிற்றுக்கு இதம் என்பார்கள். அங்கே அதைப் பன்றிக் குடலோடு வேகவைப்பது வழக்கம், அது வேண்டாதவர்கள் காய்கறியோடு செய்யலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தாங் குவெய் பக்கம் போகவே வேண்டாம். இரத்தக் கசிவு கூடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தை நாள்கணக்கில் குடிக்கக் கூடாது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிய சீட்டைக் கையில் வைத்திருந்து முதலில் அதைக் காட்டுங்கள். நல்ல கடைக்காரர் அதைப் படித்த பிறகுதான் இழுப்பறையைத் திறப்பார்.